பாறை தோற்கவில்லை, கோட்டை தோற்றது

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் பீன்யா தொழிற்பேட்டை இளைஞர்களின் பைக்குகள் பல மாகடி பக்கம் திரும்புகின்றன. அவர்கள் போவது சாவனதுர்காவுக்கு. ஒரே கருங்கல்லாக 1,226 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மலை. உச்சிக்குப் போய் நந்தி மண்டபத்தில் இளைப்பாறிவிட்டுத் திரும்புகிறார்கள். வழியில் தாண்டி வந்தது ஒரு கோட்டையின் சுவர் என்பது பலருக்குத் தெரியாது.

மலையின் பழைய பெயர் சாவந்தி. ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் காலத்து 1340ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இப்பெயர் இருக்கிறது. கோட்டைக்குப் புகழ் சேர்த்தது பெங்களூரை உருவாக்கிய கெம்பே கவுடா வம்சம். 1638இல் பீஜப்பூர் படையிடம் பெங்களூரைப் பறிகொடுத்த அந்த வம்சத்தினர், மாகடிக்குப் பெயர்ந்து இந்த மலையைக் காவலரணாக்கிக் கொண்டார்கள். 1728இல் மைசூர் அரசு அதையும் பிடித்துக்கொண்டது.

இங்கே கட்டியவர்களின் வேலையில் பாதியை இயற்கையே முடித்திருந்தது. செங்குத்தான பக்கங்களில் மதில் தேவைப்படவில்லை. மனிதன் ஏறக்கூடிய சரிவுகளை மட்டும் கருங்கல் சுவர்களால் அடைத்தார்கள். பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கியது. அடிவாரத்தைச் சுற்றி அடர்ந்த முட்காடு. மலை மேலே இரண்டாகப் பிரிகிறது: கரிகுட்டா என்ற கருமலை, பிளிகுட்டா என்ற வெண்மலை. ஒன்று வீழ்ந்தாலும் மற்றதிலிருந்து போரிடலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்குக்கு 1791இல் சோதனை வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பெங்களூரைப் பிடித்த கார்ன்வாலிஸ், ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், தீனியின்றி மாடுகள் மடிய, மே மாதம் வெறுங்கையோடு திரும்பினார். மறுபடி புறப்படுமுன் உணவு வண்டிகள் வரும் பாதை பத்திரமாக வேண்டும். பாதையருகே சாவனதுர்கா நின்றது. காட்டுக் காய்ச்சலே எதிரியைப் பாதி தின்றுவிடும் என்று திப்பு நம்பியதாக ஆங்கில வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள்.

நடந்தது வேறு. காட்டை வெட்டிப் பீரங்கிகளை இழுத்து வந்தார்கள். டிசம்பர் 17இல் குண்டுவீச்சு தொடங்கியது. 21இல் சுவர் உடைந்த இடத்தில் படை ஏறியது. காவலர்கள் கலங்கி உச்சியை நோக்கி ஓட, துரத்தி வந்தவர்களும் கூடவே நுழைந்துவிட்டார்கள். தாக்கிய தரப்பில் இழப்பு மிகச் சொற்பம். பாறையில் ஒரு கீறல் விழவில்லை. அதன் மேல் நின்றவர்களின் மனம்தான் முதலில் உடைந்தது. மூன்றே மாதத்தில் திப்பு பாதி ராஜ்யத்தை விட்டுக்கொடுத்து உடன்படிக்கை செய்துகொண்டார்.

தமிழகத்தின் செஞ்சிக் கோட்டை 2025இல், மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில், யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சாவனதுர்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டேவிட் லீன் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்துக்குக் குகைக் காட்சிகள் எடுக்க இங்கே வந்தார். படம் வந்தது 1984இல். மற்றபடி மலையேறுகிறவர்கள்தான் அதற்கு விருந்தாளிகள்.

சுவர்க் கல்லைப் பெயர்த்து உட்காருவதும், கல்லில் பெயர் செதுக்குவதும் பீரங்கி மிச்சம் வைத்ததை அழிக்கும் வேலை. மழை பெய்தால் பாறை வழுக்கும். அப்போது ஏறுவது வீரமல்ல. வெயில் நாளில் போகிறவர்கள் உச்சியை மட்டும் பார்க்காமல், வழியிலுள்ள வாசலருகே ஐந்து நிமிடம் நின்றால் போதும். எந்தச் சரிவை அடைத்தார்கள், எதை விட்டார்கள் என்பது தானே விளங்கும்.