எம்.ஆர்க். படிக்க மனையை விற்க வேண்டுமா?

"ஐயா, வணக்கம். உளுந்தூர்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. எங்கள் பெண் இந்த வருஷம் பி.ஆர்க். முடித்துவிட்டாள். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இப்போது எம்.ஆர்க். படிக்க வேண்டும் என்கிறாள். 'அஞ்சு வருஷம் படிச்சது போதாதா, இன்னும் என்ன படிப்பு?' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஒரு ஏஜென்சிக்காரர்கள், 'லண்டனில் சீட் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்கிறார்கள். எங்களுக்கு இருப்பது சேலம் ரோட்டுப் பக்கம் ஒரே ஒரு மனை. பெண்ணின் கல்யாணத்துக்கு என்று வாங்கிப் போட்டது. அதை விற்றுவிடலாம் என்கிறார் இவர். விற்கலாமா? எம்.ஆர்க். படிக்காவிட்டால் அவளால் ஆர்க்கிடெக்ட் ஆக முடியாதா?"

— உளுந்தூர்பேட்டை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மனையைப் பற்றிய கவலை பாதி குறைந்துவிடும்.

எம்.ஆர்க். படிக்காமலே உங்கள் மகள் ஆர்க்கிடெக்ட் ஆகலாம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி அமைந்ததுதான் டெல்லியில் உள்ள கட்டடக்கலைக் கவுன்சில். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்தவர் இந்தக் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் போதும், 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயர்ப்பலகை மாட்டலாம். பதிவு செய்யாத யாரும் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். வக்கீல் படிப்பைப் போலத்தான் இதுவும். பி.எல். முடித்துப் பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் கோர்ட்டில் வாதாடலாம். அதற்கு எம்.எல். வேண்டியதில்லை.

எனவே உங்கள் மகள் செய்ய வேண்டிய முதல் வேலை, பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுன்சிலில் பதிவு செய்துகொள்வது. மேல்படிப்பு எதுவானாலும் அதற்குப் பிறகு.

அப்படியானால் எம்.ஆர்க். யாருக்கு?

நான்கு வகையானவர்களுக்கு இந்தப் படிப்பு உண்மையிலேயே பயன்படும். ஒன்று, கல்லூரியில் ஆசிரியராக விரும்புகிறவர்கள். இரண்டு, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது, நிலவெளி வடிவமைப்பு, நகர வடிவமைப்பு, வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்றபடி கட்டும் பசுமைக் கட்டடம் என்று ஒரு துறையில் ஆழமாக இறங்க நினைப்பவர்கள். மூன்று, நகரமைப்புப் பக்கம் போக விரும்புகிறவர்கள், இவர்களுக்கு எம்.ஆர்க்.கைவிட எம்.பிளான் பொருத்தம். நான்கு, பிற்பாடு பிஎச்.டி. செய்ய நினைப்பவர்கள்.

'பி.ஆர்க். முடித்தவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் குறைவு, எம்.ஆர்க். முடித்தால் கூடும்' என்பதற்காக மட்டும் சேர்வதாக இருந்தால் நான் வேண்டாம் என்பேன். ஆரம்பச் சம்பளம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் கை வேலையையும் சைட் அனுபவத்தையும்தான் முதலில் பார்ப்பார்கள். இரண்டு வருடம் நல்ல அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு.

உங்கள் மகளை உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எம்.ஆர்க்.கில் எந்தப் பிரிவு? ஏன் அது?' பதில் சட்டென்று வந்தால், அவள் தயாராக இருக்கிறாள். 'எதுவானாலும் சரி, ஃபிரண்ட்ஸ் எல்லாம் சேருகிறார்கள்' என்று பதில் வந்தால், இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

உங்கள் ஊரைச் சுற்றியே பாடம்

பிரிவைத் தேர்ந்தெடுக்க எங்கோ போக வேண்டாம். உங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்த புது மாவட்டம். உளுந்தூர்பேட்டையோ சென்னை–திருச்சி சாலையும் சேலம் சாலையும் சேரும் இடம். இப்படிப்பட்ட ஊர்களில் நாலு வழிச்சாலையை ஒட்டி மனைப்பிரிவுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். தெரு எவ்வளவு அகலம், மழைத்தண்ணீர் எங்கே போகும், ஏரி வாய்க்காலை யார் மறித்தார்கள் என்றெல்லாம் கேட்பதுதான் நகரமைப்புப் படிப்பு. நீங்கள் வைத்திருக்கும் மனைக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அப்ரூவல் இருக்கிறதா என்று பார்த்திருப்பீர்களே, அந்தத் துறைதான்! டி.என்.பி.எஸ்.சி. மூலம் அந்தத் துறையின் பணிகளுக்கு பி.ஆர்க். படித்தவர்களையும் எடுத்திருக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது கவனியுங்கள்.

திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, 'இதை எப்படி நிறுத்தினார்கள், இனி எப்படிக் காப்பாற்றுவது?' என்று உங்கள் பெண் யோசித்தால், அவளுக்குப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு. கல்வராயன் மலைக்குப் போனபோது மண்சுவரும் கூரையுமாக இருந்த வீடு உள்ளே ஏன் குளுமையாக இருந்தது என்று யோசித்தால், அவளுக்குப் பசுமைக் கட்டடம்.

புதுச்சேரி பக்கம்தான். அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதியை 1930-களின் கடைசியில் கட்டத் தொடங்கினார்கள். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். நம் நாட்டின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று அது. வெளிச்சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் பலகைகளை வைத்து, காற்று உள்ளே புகுந்து வெளியே போகும்படி அமைத்திருக்கிறார்கள். ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய எர்த் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. சுடாத மண்ணை அழுத்திக் கல்லாக்கிக் கட்டும் முறையைக் குறுகிய காலப் பயிற்சிகளாகச் சொல்லித் தருகிறார்கள். இரண்டு வருடப் படிப்பில் பணத்தைப் போடும் முன், இப்படி ஒரு சிறு பயிற்சியில் சேர்ந்து பார்த்தால் அந்தத் துறை தனக்குப் பிடிக்கிறதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

சேருவதற்கு என்னென்ன வழி?

எம்.ஆர்க். இரண்டாண்டுப் படிப்பு. நுழைய மூன்று வாசல்கள் உண்டு.

முதல் வாசல், கேட் தேர்வு. இதில் கட்டடக்கலைக்கும் நகரமைப்புக்கும் சேர்த்து 'ஏ.ஆர்.' என்று தனித்தாள் இருக்கிறது. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொது அறிவுத்திறனுக்கு. ஒரு பகுதியில் கட்டடக்கலை அல்லது நகரமைப்பு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தப்பானால் மதிப்பெண் குறையும். விடையை எண்ணாக எழுதும் கேள்விகளில் குறையாது. வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் ரிசல்ட். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதிதான். வாங்கிய மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகவே இப்போது எழுதிவிட்டு, ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுக்கூடச் சேரலாம்.

கேட் மதிப்பெண் இருந்தால், சி.சி.எம்.டி. என்ற பொதுக் கலந்தாய்வு வழியாக திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.களுக்கும், போபால், விஜயவாடா போன்ற இடங்களில் உள்ள 'ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்டு ஆர்க்கிடெக்சர்' நிறுவனங்களுக்கும் முயற்சி செய்யலாம். இதற்கு பி.ஆர்க்.கில் 60 சதவீதம் அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 55 சதவீதம் அல்லது 6.0.

இரண்டாம் வாசல், நம் தமிழ்நாட்டின் சீட்டா பி.ஜி. தேர்வு. அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்துகிறது. அதற்கு முன் டான்செட் என்ற பெயரில் எழுதினார்களே, அதில் எம்.இ., எம்.ஆர்க்., எம்.பிளான் பகுதிகள்தான் இப்படிப் பெயர் மாறின. வழக்கமாக மார்ச்சில் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளிக்கும், அதன் கீழ் வரும் கல்லூரிகளுக்கும் இதன் வழியே சேரலாம். சென்னையில் உள்ள அந்தப் பள்ளி 1957-இல் தொடங்கியது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. நம் மாநில மாணவர்கள் முதலில் குறிவைக்க வேண்டிய இடம் அது.

மூன்றாம் வாசல், தாங்களே தனியாகத் தேர்வு செய்யும் நிறுவனங்கள். அகமதாபாத்தில் பி.வி. தோஷி 1962-இல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளியிலிருந்து வளர்ந்த செப்ட் பல்கலைக்கழகம் இதற்கு உதாரணம். பெயர் பெற்ற இடம். ஆனால் கட்டணம் அதிகம்.

தனியார் கல்லூரி எதுவானாலும் பணம் கட்டும் முன் கட்டடக்கலைக் கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர், அந்தப் பிரிவு, அந்த ஆண்டு, மூன்றுக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஆர்க்.குக்கு அனுமதி இருப்பதால் எம்.ஆர்க்.குக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

லண்டன் சீட்டு

ஏஜென்சிக்கு முன்பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவரே நேராக விண்ணப்பிக்கலாம். அவர்கள் கேட்பது மதிப்பெண் பட்டியல், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஏன் படிக்க வருகிறேன் என்ற கட்டுரை, ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வு, எல்லாவற்றுக்கும் மேலாகப் 'போர்ட்ஃபோலியோ' எனப்படும் வரைபடத் தொகுப்பு. இந்தத் தொகுப்பைப் பார்த்துத்தான் இடம். அதை ஏஜென்சிக்காரர் செய்து தர முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஓராண்டில் முடியும் எம்.ஏ., எம்.எஸ்சி. படிப்புகள் நிறைய. அவற்றை முடித்தாலே அங்கே ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியாது. பதிவுக்குத் தனித் தேர்வுகளும் வேலை அனுபவமும் வேண்டும். அமெரிக்காவிலும் எம்.ஆர்க். இரண்டு வகை. ஒன்று லைசென்ஸுக்கு வழிவிடும் அங்கீகாரம் பெற்றது. மற்றொன்று ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கான மேல்படிப்பு, அவ்வளவுதான். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுச் சாப்பாடு, தங்கும் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும்.

ஆகவே ஏஜென்சிக்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள்: 'இந்தப் படிப்பின் முழுப் பெயர் என்ன? இதை முடித்தால் அங்கே ஆர்க்கிடெக்ட்டாகப் பதிவு செய்ய முடியுமா? அதை எழுத்தில் தருவீர்களா?' பதிலை வைத்தே நிலவரம் புரிந்துவிடும்.

பணக் கணக்கு

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் கேட் மதிப்பெண்ணோடு முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 2,97,600 ரூபாய். சேலம் ரோட்டு மனையின் ஒரு பகுதி விலை இது! கேட்டுக்கு ஆறு மாதம் உட்கார்ந்து படிப்பதன் மதிப்பு இதுதான் என்று மகளிடம் சொல்லுங்கள்.

போதாததற்குக் கல்விக் கடன். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் வங்கிகள் தர வழி இருக்கிறது. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். நல்ல தரவரிசையில் உள்ள நிறுவனமாக இருந்து, குடும்ப வருமானமும் வரம்புக்குள் இருந்தால் வட்டியில் சலுகையும் உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனையை இப்போது விற்காதீர்கள். அது பெண்ணின் கல்யாணத்துக்கு என்பதால் அல்ல. படிப்பா கல்யாணமா என்று கேட்டால் நான் படிப்பு பக்கம்தான். ஆனால் எந்தப் பிரிவு, எந்த ஊர், எவ்வளவு செலவு என்று எதுவும் முடிவாகாத நிலையில் அவசரத்துக்கு விற்கும் நிலத்துக்கு அடிமாட்டு விலைதான் கிடைக்கும். பதிவு, வேலை, கேட் தேர்வு மூன்றையும் இந்த ஒரு வருடத்தில் முடிக்கட்டும். நல்ல இடம் கிடைத்து, உதவித்தொகையும் கடனும் போகப் பற்றாக்குறை வந்தால் அப்போது மனையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் மகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அவள் பேரில் நினைத்து வாங்கிய நிலம் அல்லவா?

சொந்தக்காரர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: வீடு கட்டும்போது அஸ்திவாரத்தை ஏன் இவ்வளவு ஆழம் தோண்டுகிறாய் என்று மேஸ்திரியை யாரும் கேட்பதில்லை.

கடைசியாக உங்கள் மகளுக்கு. போர்ட்ஃபோலியோவில் கம்ப்யூட்டரில் போட்ட பளபளப்பான படங்களை எல்லோரும் வைப்பார்கள். நீ அப்பாவோடு ஒரு மாதம் சைட்டுக்குப் போ. தூக்குக்குண்டு, ரசமட்டம் பிடித்துச் சுவர் எழுப்புவதையும், சென்ட்ரிங் அடிப்பதையும், வெயிலில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்டுவதையும் பார்த்து, அளந்து, கையால் வரைந்து வை. அப்பா கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்களிடம் போய், எந்த அறையில் காற்று வருகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று கேட்டு எழுதி வை. உன்னோடு போட்டி போடும் பலருக்கு இந்த வாய்ப்பு வீட்டிலேயே கிடைத்திருக்காது.