ஒட்டுத்துணியும் உயர்கலையே

கலைகள் அறுபத்து நான்கு எனக் கூறுதல் நம் நாட்டு மரபு. அப்பட்டியலில் தையல் வேலைக்கும் ஓரிடம் உண்டு. ஆயினும் இசை, நாட்டியம், ஓவியம், சிற்பம் ஆகியவற்றைக் கலையென ஒப்புகின்ற நாம், தையலைத் தொழில் என்றோ பெண்டிர்தம் பொழுதுபோக்கு என்றோ ஒதுக்கிவிடுகிறோம். அதிலும் துண்டுத் துணிகளை இணைத்துத் தைப்பதைக் கலை என்றால் நகைப்பவரே மிகுதி. 'ஒட்டுப்போட்ட துணி' என்பது நம் வழக்கில் வறுமைக்கு மறுபெயராகிவிட்டது. இக்கருத்து மாற வேண்டும் என்பதும், அம்மாற்றத்தைத் தொடங்குதற்கு உடுமலைப்பேட்டையினும் தகுந்த ஊர் அரிது என்பதும் நம் எண்ணம்.

இலக்கியம் பயின்றோர்க்கு இந்த ஏளனத்தின் வேர் புதிதன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காணவரும் பொருநன், வேர்வையில் நனைந்து வேறு நூல் ஓடிய தையலோடு கூடிய கந்தையை உடுத்திருக்கிறான். அரசன் அதனைக் களைந்துவிட்டுப் பாம்பின் சட்டை போன்ற மெல்லிய ஆடையை அளிக்கிறான். கந்தை போனது, வறுமையும் போனது. முடத்தாமக்கண்ணியார் கண்ட காட்சி உண்மையே. எனினும் அந்தக் கிழிசலை ஊசியெடுத்து இணைத்த கை யாருடையது என்று நாம் ஒருநாளும் வினவியதில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத் தொழிலாளரோடு துன்னகாரரையும் எண்ணிச் சொல்கிறது. அவர்கள் தைத்தது இன்னதென அறிய நமக்கு ஒரு துணுக்கும் எஞ்சவில்லை. கல் நின்றது, செம்பு நின்றது, துணி மக்கிவிட்டது. துணியில் கலை செய்தோர் வரலாற்றில் பெயரின்றிப் போனமைக்கு இதுவும் ஒரு காரணம்.

'கந்தை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வடமொழியில் 'கந்தா' என வழங்குவதும் இச்சொல்லே. வங்காளத்தில் அது 'காந்தா' ஆயிற்று. அங்கே பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலைக்கொண்டே ஓட்டத் தையலிட்டுப் பூவும் கொடியும் வரைவர். இந்துப் பெண்டிரும் முஸ்லிம் பெண்டிரும் ஒருங்கே வளர்த்த கலை அது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்னும் கதைக் கவிதையில், கணவனைப் பிரிந்த சாஜு என்னும் பெண் தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு போர்வையில் தைத்து, அதனைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு கூறி இறக்கிறாள். ஒரே சொல் அங்கே காவியத்துக்குப் பொருளாக, இங்கே வசைச் சொல்லாக நிற்பது ஏன்? துணியில் வேறுபாடு இல்லை. பார்க்கும் கண்ணில்தான் வேறுபாடு.

அரபு மொழியிலும் ஒத்த ஒரு சொல் உண்டு. 'முரக்கஅ' என்றால் ஒட்டுப்போட்டது என்பது பொருள். சூஃபிகள் அணிந்த ஒட்டாடைக்கு அப்பெயர் வழங்கியது. பின்னர்ப் பாரசீகத்திலும் மொகலாய அரண்மனையிலும், பல கலைஞர்களின் ஓவியங்களையும் எழுத்தணிகளையும் வெட்டி ஒட்டித் தொகுத்த ஏடுகளுக்கும் அதே பெயர் வந்தது. ஜஹாங்கீர் காலத்துக் குல்ஷன் தொகுப்பும் அவ்வகையினதே. ஏழைத் துறவியின் உடைக்கும் பேரரசரின் ஓவியத் தொகுப்புக்கும் ஒரு பெயர்! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததையும் நம் பெரியோர் அறிவர். ஒட்டுத் தையலை இழிவென எண்ணுதற்கு நம் மரபில் இடமில்லை.

இனி, நமக்கு அண்மையிலேயே வாழும் ஒரு கலைக்குழுவைக் காண்போம். கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஹளியாள், எல்லாபூர், முண்டகோடு வட்டாரக் காடுகளையொட்டிச் சித்தியர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழியினர் இவர்கள். இவர்களுள் முஸ்லிம்களும் உளர், இந்துக்களும் உளர், கிறித்தவரும் உளர். இப்பெண்டிர் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். பழஞ்சேலை ஒன்றைக் கீழே விரித்து, அதன்மேல் உழைத்துத் தேய்ந்த உடைகளின் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைப்பார்கள். வரைபடம் இல்லை, அளவுகோல் இல்லை, மரச்சட்டமும் இல்லை. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் சிறு 'பூ' வைப்பது கட்டாயம். பூவில்லாப் போர்வை உடுத்தாத உடம்புக்கு ஒப்பு என்பது அவர்கள் கொள்கை. சிலர் நடுத்துண்டை மூடுமுன் உள்ளே சில அரிசி மணிகளை இடுவதும் உண்டு. போர்வைக்கும் வயிறு நிறைந்திருக்க வேண்டுமாம். முஸ்லிம் பெண்டிரின் போர்வையில் பிறையும், கிறித்தவப் பெண்டிரின் போர்வையில் சிலுவையும் இடம்பெறுதல் உண்டு. தையல்முறை மட்டும் மூவர்க்கும் ஒன்றே.

2004-இல் அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஹென்றி டிரூவலின் முயற்சியோடு இப்பெண்டிர் ஒரு கூட்டுறவாக இணைந்தனர். 2011-இல் நியூயார்க் நகரின் ஷோம்பர்க் ஆய்வு மையத்தில் இவர்களின் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. குழந்தையைக் கிடத்துவதற்கும் குளிருக்குப் போர்த்துவதற்கும் தைக்கப்பட்டவை சுவரிலே ஓவியமாக நின்றன. இதற்கு முன்னோடியும் உண்டு. அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வயல் உடைகளைக்கொண்டு தைத்த போர்வைகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தை அடைந்தன. 2006-இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. அங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்றே: ஒவ்வொரு போர்வையின் அருகிலும் தைத்தவர் பெயர் எழுதப்பட்டிருந்தது.

தமிழகத்தில் இக்கலை இல்லையா எனின், உண்டு. தேர்த் திருவிழாவிலே தேரைச் சுற்றி அசையும் உருளை வடிவத் தொம்பைகளைப் பாருங்கள். வண்ணத் துணியை வெட்டி மற்றொரு துணிமேல் வைத்துத் தைக்கும் இவ்வேலையில் தஞ்சை, கும்பகோணப் பகுதித் தையற்காரர் பெயர் பெற்றவர்கள். மேலே கட்டும் விதானத்துக்கு 'அஸ்மானகிரி' என்று பெயர். 'அஸ்மான்' என்பது வானத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் என்பதை நம் மாணவர் அறிந்தால் வியப்பர். கோயில் தேரின்மேல் பாரசீக வானம்! ஆயினும் தேரைச் செய்த தச்சரை ஊர் அறிகின்ற அளவுக்குத் தொம்பையைத் தைத்தவரை எவரும் அறியார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2009 முதல் உடுமலை திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தொழிலால் அதற்கு முன்பே திருப்பூரோடு பிணைந்தது. பனியன் கம்பெனிகளின் கட்டிங் மேசையிலிருந்து நாள்தோறும் விழும் துண்டுகள் நிறம் பிரிக்கப்பட்டு எடைக்கு விற்கப்படுகின்றன. ஒரு பகுதி இயந்திரம் துடைக்கும் துணியாகிறது. ஒரு பகுதி ஓ.இ. மில்களில் மீண்டும் நூலாகிறது. ஒரு பகுதி மிதியடியாகிறது. நம் மாணவியருள் பலருடைய தாய்மார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பிசிறு வெட்டுபவர்கள். வேறு சிலர் பீசுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்றுத் தைப்பவர்கள். நிறம் அறிந்த கண்ணும் ஊசி பழகிய விரலும் அவர்களிடம் உண்டு. ஆனால் அவர்கள் தைக்கும் ஆடையில் கம்பெனியின் பெயர் உண்டு, கடல்கடந்த கடையின் பெயர் உண்டு. தைத்தவர் பெயர் மட்டும் இல்லை. பட்டம் பெற்ற மாணவியும் மணமானபின் அதே திண்ணைக்கு வந்து சேர்வதை நாம் கண்டுவருகிறோம். நமக்கு உண்மையான கவலை இதுவே.

'கழிவிலிருந்து கலை' என்னும் முழக்கம் இந்நாளில் எங்கும் கேட்கிறது. அஃது நமக்கு உவப்பன்று. அம்முழக்கம் கழிவைப் புகழ்கிறது; கையைப் புகழ மறந்துவிடுகிறது. மண்ணிலிருந்து வந்தது என்பதற்காகவா நாம் ஐயனார் கோயில் குதிரையை வியக்கிறோம்?

'இதனால் வயிறு நிறையுமா?' என்று சமுதாயப் பெரியோர் கேட்பர். நேர்மையான கேள்வி. ஒரு பெரிய போர்வையைக் கையால் தைக்க வாரக்கணக்கில் ஆகும். விலை மலிந்த போர்வையோடு விலையில் போட்டியிட்டால் தோல்வி உறுதி. எனவே போர்வை வணிகமாக இதனைத் தொடங்குதல் கூடாது. ஓவியத்தை நாம் சதுர அடிக் கணக்கில் விலை பேசுவதில்லை. இதனையும் அவ்வாறே கருதுவோர் இன்று உளர். 2019-இல் சென்னையில் இந்தியக் குயில்ட் விழா என்னும் பெயரில் கண்காட்சியே நடைபெற்றது. பெருநகரப் பெண்டிர் விலைகொடுத்து வாங்கும் துணியில் செய்வதை, துணியின் நடுவிலேயே வாழும் நம் பெண்டிர் செய்தல் ஆகாதோ?

உருவம் வரைய விரும்பாதவர்க்கும் இக்கலையில் தடையில்லை. சதுரம், முக்கோணம், விண்மீன், எண்கோணம் ஆகியவற்றாலேயே இஸ்லாமியக் கட்டடக் கலைஞர் சுவர்களை நிறைத்தார்கள். அக்கோலங்களைத் துணியில் வெட்டுவது எளிது. முனைகளைப் பொருத்துவதுதான் கடினம்.

நம் கல்லூரி நிருவாகத்தார் ஓர் அறையையும், வாரத்தில் ஒரு பிற்பகலையும் ஒதுக்கித் தருதல் வேண்டும். மாணவியர் மட்டுமன்றி அவர்தம் தாய்மாரும் பாட்டிமாரும் அங்கு வருதல் வேண்டும். கற்பிக்கப் போகிறவர்கள் அவர்களே. தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்க்கு, தையற்சொற்களைத் திரட்டுவதே ஓர் ஆய்வுக்குப் போதுமானது என்போம்.

செய்முறையில் ஓரிரு குறிப்புகள். பனியன் துணி இழுபடும். வெட்டிய ஓரம் சுருளும். ஆகவே அடியில் நெய்த பருத்தித் துணியை, பழஞ்சேலையாயின் மிகவும் நன்று, வைத்தே தைத்தல் வேண்டும். முதல் முயற்சிக்கு இரண்டு முழச் சதுரம் போதும். பின்புறத்து மூலையில் வெள்ளைப் பட்டை ஒன்றைப் பொருத்தி, தைத்தோர் அனைவர் பெயரையும் ஆண்டையும் ஊரையும் எழுதுதல் வேண்டும். மை துவைக்கத் துவைக்க மங்கும். பெயர்களை நூலாலேயே தைத்துவிடலாம்.