முதல் துப்பாக்கியை வாங்காதே, நண்பா!

(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)



ஆடி வெள்ளிக்குப் படவேடு போகாதவன் நம்ம கல்லூரியில் அநேகமாக எவனும் இருக்க மாட்டான். ரேணுகாம்பாள் கோவிலுக்குப் போகிற வழியில் வளையல் கடை, பொரி கடை தாண்டினால் பலூன் சுடுகிற கடை ஒன்று இருக்கும். போன வருஷம் அங்கே பத்துக்கு ஒன்பது பலூன் உடைத்தேன். கூட வந்த பசங்க "மச்சி, நீ ஒலிம்பிக் போயிடுடா" என்று ஏற்றிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன்! அந்தக் கடைத் துப்பாக்கியின் குழல் கோணல் என்பதும், நான் பலூனைப் பார்த்துச் சுடவில்லை, பக்கத்துப் பலூனைப் பார்த்துச் சுட்டு இதை உடைத்தேன் என்பதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்த மலரில் நான் எழுத வந்தது வீரக்கதை இல்லை. ஏமாந்த கதை. துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆசை வைத்திருக்கிற தம்பி, தங்கைகள் இதைப் படித்துவிட்டு அப்பா அம்மா காசை மிச்சப்படுத்தினால் போதும்.

ஆசை வருவது தப்பே இல்லை. நடிகர் அஜித் குமார் 2021-ல் சென்னையிலும் 2022-ல் திருச்சியிலும் நடந்த மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கிய பிறகு, துப்பாக்கி சுடுதல் என்று ஒரு விளையாட்டு இருப்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. 2024-ல் பாரீஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம் என்று வாங்கியதும், எங்கள் தெருவில் ஏழாவது படிக்கிற பொண்ணுகூட பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தது. நம்ம ஆரணிக்கும் துப்பாக்கிச் சத்தம் புதிது இல்லை. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டை போட்டான். 1782-ல் ஹைதர் அலி படையும் இங்கிலீஷ்காரன் படையும் இங்கே மோதின. அதற்கப்புறம் இந்த ஊரில் கேட்கிறது தறிச் சத்தம்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

படவேட்டிலிருந்து வந்த மறுவாரமே ஒரு பெரிய ஊர்க் கடையில் விசாரித்தேன். கடையின் பெயர் வேண்டாம். "காம்பெடிஷன் பிஸ்டல் தம்பி, லைசென்ஸ் தேவையில்ல, 8,500 ரூபா" என்றார்கள். அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். இரண்டு புடவைக் கூலியை முதலாளியிடம் முன்பணமாக வாங்கிக் கொடுத்தார். எதற்கு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். படிக்கிற பையன் கேட்டால் அது படிப்புக்குத்தான் என்று நினைக்கிறவர். நானும் திருத்தவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி பக்கத்து மாவட்டத்தில் ஒரு ரைபிள் கிளப்புக்குப் போனேன். அங்கே பயிற்சி தருகிறவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணியம்பாடி, கம்மவான்பேட்டை பக்கம் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்காரர்கள் என்பது உங்களுக்கே தெரியும், அந்தப் பக்கத்துக்காரர்.

"என்ன தம்பி, சேர்றதுக்கு முன்னாடியே துப்பாக்கியோட வந்துட்ட?"

பெட்டியைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"இது தகர டப்பா சுட நல்லா இருக்கும். போட்டிக்கு ஆகாதுப்பா."

ஏன் ஆகாது என்பதை மெக்கானிக்கல்காரன் நான் அல்லவா கடையிலேயே யோசித்திருக்க வேண்டும்! நான் வாங்கியது ஸ்பிரிங் வகை. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அழுத்தும், அந்தக் காற்று குண்டைத் தள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் அந்தக் கனமான பிஸ்டன் முன்னே ஓடி இடித்து நிற்கிறது. கை அசையாமல் இருந்தாலும் துப்பாக்கி அசைந்துவிடும். போட்டியில் இன்று பிடிப்பது வேறு வகை. சின்ன சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று முன்கூட்டியே அடைத்திருக்கும். விசை தட்டினால் வால்வு கணநேரம் திறந்து மூடும். உதைப்பு இருக்கிறதா என்றே தெரியாது. ஸ்டெயர், மொரினி, வால்தர் என்று ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனியிலிருந்து வருகிறவை. புதிதாக வாங்கினால் ஒன்றரை, இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஆகவே 8,500 ரூபாய்க்கு "காம்பெடிஷன் பிஸ்டல்" என்று எவனாவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடு.

லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். ஆனால் தோட்டா போடுகிற பிஸ்டல், ரிவால்வர் எல்லாம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும். 21 வயது ஆகாதவனுக்கு சொந்தமாக வைத்துக்கொள்ள சாதாரண உரிமம் கிடையாது. பயிற்சியில், அதற்குரிய விதிப்படி, ஆள் பக்கத்தில் நிற்கச் சுடலாம். ஜவ்வாது மலைப் பக்கம் நாட்டுத்துப்பாக்கியோடு பிடிபட்ட செய்தியை நாமே பேப்பரில் படித்திருக்கிறோம். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் ஐந்து வருஷம் சிறை. டிப்ளமா சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்வது? உரிமம் வேண்டாத காற்றுத் துப்பாக்கிகூட பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும். பில்லோடு, மூடிய பெட்டியில்தான் எடுத்துப் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் வெளியே எடுத்து போட்டோ பிடித்து ஸ்டேட்டஸ் போட்டால், முதல் லைக் போலீஸ் ஸ்டேஷனிலிருந்துதான் வரும்.

அன்றைக்கு சார் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. கிளப்பின் பழைய பிஸ்டல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குண்டு கொடுக்கவில்லை. வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாக சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். எனக்கு இடது கண்! நான் வலது கைக்காரன். வாங்கிய பிஸ்டலின் பிடியும் வலது கைக்குத்தான். பதினெட்டு வருஷமாக இது எனக்கே தெரியாது. வாங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இதைப் பார்த்திருந்தால்...

அப்புறம் முன் குறிமுனை. கண் அதன் மேல்தான் நிற்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும் என்றார். பலூன் கடையில் நான் பழகியது நேர் எதிர். ஒரே கையில் பிடித்து, இன்னொரு கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டு, ஒரு கிலோ எடையை நீட்டிக்கொண்டு நின்று பாருங்கள். இருபதாவது தடவை தோள் கெஞ்சும். போட்டியில் 75 நிமிஷத்தில் 60 முறை சுட வேண்டும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். நம்ம சட்டைப் பொத்தான் அளவு.

முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்தது மொத்தம் இருபது குண்டுகூட இல்லை. மிச்சமெல்லாம் வெறும் விசை இழுப்பு, பாதுகாப்புப் பாடம். வாய் எப்போதும் இலக்குப் பக்கம். சுடும் நேரம் வரை விரல் விசைக்கு வெளியே. குண்டு இல்லை என்று தெரிந்தாலும் இருப்பதாகவே நினைக்க வேண்டும். கீழே வைத்தால் குழலில் ஆரஞ்சுக் கயிறு நுழைத்து வைக்க வேண்டும். குண்டு ஈயம் என்பதால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ குடிக்கப் போனால் திட்டு விழும்.

கிளப் எப்படிப் பார்த்துச் சேருவது என்று கேட்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். ஏ.சி. இருக்கிறதா, எலக்ட்ரானிக் டார்கெட் இருக்கிறதா என்று பார்க்காதே. புதிதாக வருகிறவனுக்கு அவர்கள் துப்பாக்கியைக் கொடுக்கிறார்களா? சுடும்போது பக்கத்தில் நின்று கையைப் பார்க்க ஆள் உண்டா? அந்த இரண்டும்தான் முதல். முதல் நாளே "எங்கள் மூலமாக ஒரு பிஸ்டல் வாங்கிடுங்க" என்கிற இடத்துக்கு இரண்டாவது நாள் போகாதே. பிறகு, மாநில சங்கத்தோடு இணைந்த கிளப்பா என்று கேள். இல்லாவிட்டால் போட்டிக்குப் போக வழி அடைபடும். சென்னை, கோவை, திருச்சி, மதுரையில் பேர்பெற்ற ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. கட்டணம் கிளப்புக்குக் கிளப் மாறும், நேரில் போய் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக்கொள். இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஒரு ராத்திரி கண்ணமங்கலம் கூட்ரோட்டில் உட்கார்ந்திருந்தவன்.

"சொந்தத் துப்பாக்கி இல்லாமல் எப்படி முன்னேறுவது?" என்று என் வகுப்புத் தோழன் கேட்டான். நியாயமான கேள்விதான். பிடி ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு அளவு. விசையின் எடை விதிப்படி 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் எங்கே வைப்பது என்பது விரலைப் பொறுத்தது. அவரவர் துப்பாக்கி ஒருநாள் வேண்டும்தான். ஆனால் உன் கையே உனக்குத் தெரியாதபோது எந்தப் பிடி உன்னுடையது என்று எப்படிச் சொல்வாய்? லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கினதும் மக்கர் பண்ணும் என்பது வேறு. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவிலேயே லீவர் முறிந்து, நேரம் போய், 575 புள்ளியோடு பன்னிரண்டாம் இடத்தில் நின்றார்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். 2008-ல் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் இருந்தது. நமக்கு வீட்டில் தறி போடவே இடம் போதவில்லை. ஆனால் 2012-ல் லண்டனில் வெள்ளி வாங்கிய விஜய் குமார் ராணுவத்தில் கற்றவர். 2024-ல் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே மகாராஷ்டிர அரசின் கிரீடா பிரபோதினி திட்டத்தில் வளர்ந்து, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர். இவர்கள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு விளையாட்டுக்குள் வந்தவர்கள் இல்லை. யாரோ ஒருவர் கையில் கொடுத்து நிற்க வைத்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு வழி அதுதான் என்பது என் கட்சி. என்.சி.சி. உள்ள கல்லூரியில் படிக்கிறவன் காசே இல்லாமல் .22 ரைபிள் சுடுகிறான்.

கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தார் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "தறி கத்துக்க வர்ற பையன் தறி வாங்கிக்கினா வர்றான்? எங்கூட குந்திக்கினு முதல்ல தார் சுத்துறான். நீ ஏண்டா என்கிட்ட கேக்கல?" என்றார். முன்பணம் போச்சே என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த இரண்டு புடவையை அவர் கூலியில்லாமல் நெய்து முடித்தபோது பொங்கல் வந்துவிட்டது.

இனி நம்ம சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஏர் பிஸ்டலுக்கு வேண்டியது பத்து மீட்டர் நீளம். நம்ம பழைய கார்ப்பென்டரி ஷெட் அதைவிட நீளம். நானே டேப் வைத்து அளந்தேன். பக்கவாட்டுக் கதவை அடைத்துவிட்டால் சுடும் பக்கம் ஆள் நுழைய வழியில்லை. குண்டு தெறிக்காமல் பிடிக்கும் பெட்டிக்கு ஓர் இரும்புத் தகடு, சாய்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஷீட் மெட்டலிலும் வெல்டிங்கிலும் நாம் செய்கிற ரெக்கார்டு ஜாபை விட அது சுலபம். மாநில சங்கத்தோடு இணைந்த கிளப் ஒன்று பொறுப்பேற்று, மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு பயிற்சியாளரையும் இரண்டு பிஸ்டலையும் அனுப்பினால் போதும். போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஹவில்தார் சாரிடம் கேட்டேன். "உங்க பிரின்சிபால் லெட்டர் குடுத்தா நான் வர்றேன், பஸ் சார்ஜ் மட்டும் குடுங்கப்பா" என்றார்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை முப்பத்தொரு கையெழுத்து. அதில் ஒன்பது பேர் மாணவிகள். மீதிப் பேர் மாலை நாலரைக்கு மேல் மெஷின் ஷாப் வாசலுக்கு வாங்க, பேனாவோடு. வரும்போது அந்த ஓட்டை வைத்துக் கண் பார்க்கிற சோதனையையும் செய்து காட்டுகிறேன்.