மாத்திரை ஒன்றா, இரண்டா?

நெய்வேலி நகரியத்தில் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஷிப்டு முறையில் உழைப்போர் பலருக்கு, நாற்பது வயதைக் கடந்ததும் கொலஸ்ட்ரால் மாத்திரை துணையாகிவிடுகிறது. முதலில் ஸ்டாட்டின் ஒன்றைத் தந்த மருத்துவர், சில மாதங்களுக்குப்பின் எசிடிமைப் என்னும் மற்றொன்றையும் சேர்க்கிறார். உடனே இல்லத்தில் கலக்கம்: நோய் முற்றிவிட்டதோ?

அவ்வாறன்று. கொலஸ்ட்ரால் இரத்தத்தில் தனியே செல்வதில்லை. புரதத்தோடு இணைந்த நுண்துகள்களில் ஏறிச் செல்கிறது. அவற்றுள் எல்.டி.எல். துகள்களே தமனிச் சுவரில் படிவன. நம் நாட்டவரிடம் இவை சிறியனவாய், அடர்ந்தனவாய் இருப்பது மிகுதி. ஆதலால் பரிசோதனைச் சீட்டில் அளவு மிதமாயிருந்தும் துகள்களின் எண்ணிக்கை கூடுதலாயிருக்கலாம்.

ஸ்டாட்டின் கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கிறது. அதன் அளவை இருமடங்காக்கினாலும் எல்.டி.எல். மேலும் ஏறத்தாழ 6 விழுக்காடே குறையும்; தசைவலி போன்ற தொல்லைகளோ கூடலாம். எசிடிமைப் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், மேலும் 20 விழுக்காட்டை ஒட்டிக் குறைக்கிறது. நம் சுரங்கத்தில் மேலிருந்து மழைநீரும் அடியிலிருந்து ஊற்றுநீரும் சேருகின்றன அல்லவா? ஒன்றை மட்டும் கவனித்தால் போதுமா?

மாரடைப்போ அதையொத்த நெஞ்சுவலியோ கண்ட 18,144 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. ஏழாண்டுக் கணக்கில், சிம்வாஸ்டாட்டின் மட்டும் உண்டோரில் 34.7 விழுக்காட்டினர் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றுக்கு ஆளாயினர். இரண்டும் உண்டோரில் 32.7 விழுக்காட்டினர். நூற்றுக்கு இருவர்தாமே எனலாம். அவ்விருவரின் குடும்பத்தார் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எனினும் எல்லாக் கூட்டும் நற்கூட்டன்று. ஸ்டாட்டினோடு நியாசின் சேர்த்துப் பார்த்தனர். ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். உயர்ந்தது, மாரடைப்போ குறையவில்லை. 2011, 2014ஆம் ஆண்டு ஆய்வுகள் இரண்டும் இதையே காட்டின. சீட்டில் எண் அழகாவது வேறு, இதயம் காக்கப்படுவது வேறு.

பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்திய ஆய்வொன்றும் உண்டு. இரத்த அழுத்த மருந்து மூன்று, ஆஸ்பிரின், சிம்வாஸ்டாட்டின் ஆகிய ஐந்தும் ஒரே குளிகையில். 2009இல் வெளியான அதன் முடிவின்படி, தனி சிம்வாஸ்டாட்டினைவிட அக்குளிகை எல்.டி.எல்.லைச் சற்றுக் குறைவாகவே இறக்கியது. ஆனால் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துத் தணித்தது. ஐந்தை எண்ணி விழுங்கும் சலிப்பும் இல்லை.

எண் இறங்கியதும் இரண்டிலொன்றைத் தாமாகவே நிறுத்துவோர் நம்மிடையே பலர். நிறுத்தினால் சில வாரங்களிலேயே கொலஸ்ட்ரால் மீண்டும் ஏறும். இரவு ஷிப்டைக் காரணங்காட்டி மாத்திரையைத் தவறவிடுவோரும் உளர். சிம்வாஸ்டாட்டினை மாலையில் உண்பதே நன்று. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், எசிடிமைப் ஆகியவற்றை எவ்வேளையிலும் உண்ணலாம். அட்டையிலுள்ள பெயரைப் பார்த்து, உமது ஷிப்டையும் சொல்லி, மருத்துவரிடம் நேரம் கேட்டுக்கொள்ளும்.