பாம்பும் மந்திரமும்

உழவர்கரைப் பக்கத்தில் வயலும் தோப்புமாயிருந்த இடங்களில் இன்று வீட்டுமனைகளும் தெருக்களும் வந்துவிட்டன. ஆனால், பாம்புகள் வேறு ஊருக்குக் குடிபோய்விடவில்லை. எலியும் தவளையும் உள்ள இடத்தில் அவையும் இருந்துதான் தீரும். மழைத் தண்ணீர் வளையில் புகுந்தால் அவை வீட்டுப்பக்கம் வருவதில் தெய்வ கோபமோ நாக தோஷமோ சிறிதும் கிடையாது.

நம் மக்கள் செய்வதென்ன? கல் பாம்புக்குப் பாலாபிஷேகம். உயிர்ப் பாம்புக்குத் தடியடி! பாலோ பாம்பின் ஆகாரமே அல்ல. அடிபட்டுச் சாகும் சாரைக்கோ விஷமே கிடையாது. அது எலியைத் தின்று குடியானவனின் நெல்லைக் காக்கிறது. நம் நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கேயாகும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது.

நிற்க, "மந்திரித்துப் பிழைத்தவர்கள் இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்டு. கடித்தது விஷமற்ற பாம்பாயிருக்கும். அல்லது விஷப்பாம்பே கடித்தும் விஷத்தை இறக்காமல் விட்டிருக்கும். பிழைத்தால் மந்திரத்தின் மகிமை, செத்தால் தலைவிதி! லாபமெல்லாம் மந்திரவாதி கணக்கில், நஷ்டமெல்லாம் விதியின் கணக்கில் என்றால், இதைவிட நல்ல வியாபாரம் உலகத்தில் உண்டா என்று கேட்கின்றோம்.

உண்மையான முறிமருந்து மந்திரத்தில் பிறக்கவில்லை. சைகோனில் பாம்பு விஷத்தை ஆராய்ந்த ஆல்பர்ட் கால்மெத் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1890-களில் அதற்கு வழி கண்டார். குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் மாற்றுப் பொருளைப் பிரித்தெடுப்பதே இன்றைய மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுத்து வந்திருப்பவர்கள் யார்? சென்னைக்கடுத்த வடநெம்மேலியில், 1978-இல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த இருளர்களே! தாழ்ந்த சாதியென்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவன் கை உயிரைக் காக்கிறது. நாக தோஷம் கழிக்கும் கை தட்சணை வாங்குகிறது. இவற்றுள் எது உயர்ந்த கை?

தோழர்களே! கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியும் வீக்கமும் தெரியாமலே போகலாம். கண்ணிமை சொருகினாலோ காரணமின்றி வயிறு வலித்தாலோ தாமதிக்கலாகாது. கடிவாயை அறுப்பதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கேடு. கடிபட்ட அங்கத்தை அசையவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்க, வேப்பிலைக்காரன் வாசலில் காத்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் விஷத்துக்கே லாபமாகும். புற்றில் ஊற்றும் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கடிபட்டவனுக்கு மருந்தைக் கொடுங்கள்.