நாடி பார்த்த பிறகுதான் ஷாக்கா?

மயங்கி விழுந்தவருக்கு முதலில் நாடி பார்க்க வேண்டும். நாடி இல்லை என்று உறுதியான பிறகே நெஞ்சை அழுத்தவும் ஷாக் பெட்டியை வைக்கவும் வேண்டும். ஷாக் வைத்தவுடன் நாடி திரும்பிவிட்டதா என்று மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கருத்து தமிழ்நாடெங்கும் வேரோடியிருக்கிறது. ஓசூர் சிப்காட்டை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி போன்ற தொழிற்பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒரே கூரையின்கீழ் கேட்கும். அங்கே ஒருவர் சாய்ந்து விழுந்தால், கூடுகிறவர்களில் யாராவது ஒருவர் மணிக்கட்டைப் பிடிக்காமல் இருக்கமாட்டார். நாடி பிடித்து நோயறியும் மரபுள்ள நாட்டில் இந்தப் பழக்கம் வியப்புக்குரியதல்ல. இதயம் நின்றுபோன நேரத்தில் மட்டும் இது ஆபத்தாகிறது. கருத்தின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே சோதித்துப் பார்க்கத் தக்கது.

நாடி இருந்தால் விரலுக்குத் தெரியாமலா போகும் என்பது முதல் வாதம். இதற்கு 1996இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு நேரடியாகப் பதில் சொல்கிறது. இதய அறுவைச் சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரம் இரத்தத்தைச் சீராக ஓட்டும் நேரத்தில் நோயாளிக்கு நாடித்துடிப்பு இருக்காது. இதைப் பயன்படுத்தி, 16 நோயாளிகளின் கழுத்து நாடியை 200க்கும் மேற்பட்ட முதலுதவியாளர்களைக் கொண்டு பார்க்கச் செய்தார்கள். நாடி ஓடுகிறதா இல்லையா என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நாடி இல்லாத நோயாளிகளைத் தொட்டவர்களில் பத்தில் ஒருவர் நாடி இருப்பதாகச் சொன்னார். நாடி ஓடிக்கொண்டிருந்தவர்களைத் தொட்டவர்களில் 45 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். நாடி இல்லாத நிலையைப் பத்து விநாடிக்குள் சரியாகச் சொன்னவர்கள் 59 பேரில் ஒரே ஒருவர். அமைதியான அறுவை அரங்கில், ஆம்புலன்ஸ் பயிற்சி பெற்றவர்களின் கைகளுக்கே இந்த நிலை. பிரஸ் மெஷின் அதிரும் ஷெட்டில், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து தொடுகிறவரின் விரலிடம் இதைவிட நல்ல தீர்ப்பை எதிர்பார்க்க முடியாது.

காரணங்களும் தெளிவானவை. பதற்றத்தில் பார்ப்பவரின் இதயம் வேகமாக அடிக்கும். அந்தத் துடிப்பையே தன் விரல் நுனியில் உணர்ந்து அது நோயாளியின் நாடி என்று நம்பிவிடுவார். இரத்த அழுத்தம் சரியும்போது மணிக்கட்டு நாடி முதலில் மறையும், கழுத்து நாடி கடைசியில் மறையும். ஆகவே மணிக்கட்டைப் பிடிப்பவர் எடுத்த எடுப்பிலேயே தவறான இடத்தில் தேடுகிறார்.

இத்தகைய முடிவுகளைப் பார்த்துத்தான் 2000ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்கள் பொதுமக்கள் நாடி பார்ப்பதையே நீக்கின. இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட, நெஞ்சழுத்தத்தை மட்டும் கொண்ட உயிர்காப்பு முறையிலும் பொதுமக்களுக்கு நாடிப் பரிசோதனை கிடையாது. தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் 108ஐ அழைத்துவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும். மருத்துவப் பணியாளர்கள் மட்டும் மூச்சைக் கவனிக்கும்போதே கழுத்து நாடியைத் தொடலாம். அதற்கும் பத்து விநாடிதான் எல்லை. அதற்குள் உறுதியாகத் தெரியாவிட்டால் நாடி இல்லை என்றே கொள்ள வேண்டும்.

மூச்சைப் பார்ப்பதிலும் ஒரு பெரிய பொறி இருக்கிறது, அது பலரை ஏமாற்றுகிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கும் வாய் பிளந்து, விட்டு விட்டு, குறட்டை போன்ற ஒலியுடன் மூச்சு வரும். ‘இழுத்துக்கிட்டு இருக்கு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயலான இது மூச்சுக் கணக்கில் சேராது. மூளைக்கு இரத்தம் நின்றவுடன் சில விநாடிகள் கை கால் வெட்டி இழுப்பதும் உண்டு. பார்ப்பவர்கள் காக்காய் வலிப்பு என்று முடிவுகட்டி, சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். இரும்பு வலிப்பையும் நிறுத்தாது, நின்ற இதயத்தையும் ஓட்டாது. இழுப்பு அடங்கியபின் ஆள் எழாமல், மூச்சும் சீராகாமல் இருந்தால் அது இதய நிறுத்தம் என்றே கருத வேண்டும்.

இரண்டாவது வாதம் அச்சத்திலிருந்து வருகிறது: நாடி உள்ளவரின் நெஞ்சை அழுத்தினால் ஓடுகிற இதயமும் நின்றுவிடுமே? அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் தொலைபேசி வழிகாட்டலைக் கேட்டு நெஞ்சழுத்தம் செய்யப்பட்டவர்களில், உண்மையில் இதயம் நிற்காதவர்களைப் பற்றிய கணக்கு 2010இல் வெளியானது. அவர்களில் 12 சதவீதம் பேருக்கு நெஞ்சுவலி போன்ற அசௌகரியம், சுமார் 2 சதவீதம் பேருக்கு எலும்பு முறிவு. உள்ளுறுப்புச் சேதம் எவருக்கும் இல்லை. நின்ற இதயத்தை விட்டுவைத்தாலோ, பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் அடைத்து நிற்கும் சிப்காட் சாலையில் ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் ஓடிவிடும். முறிந்த விலா எலும்போ பிறகு கூடிவிடும்.

மூன்றாவதாக, ஷாக் பெட்டி தவறான ஆளுக்கு ஷாக் வைத்துவிடும், அதைத் தடுக்கவே நாடி பார்க்கிறோம் என்பார்கள். தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் எனப்படும் ஏ.இ.டி. நாடியைப் பார்ப்பதே இல்லை. நெஞ்சில் ஒட்டிய இரண்டு பட்டைகள் வழியாக இதயத்தின் மின் ஓட்டத்தைப் படிக்கிறது. கீழறைகள் ஒழுங்கற்று நடுங்கும் வி.எஃப். நிலையோ, மிக வேகமாக அடிக்கும் வி.டி. நிலையோ இருந்தால் மட்டுமே மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளும். சீரான துடிப்புக்கும் நேர்கோட்டுக்கும் ஷாக் வேண்டாம் என்று சொல்லிவிடும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. வாதத்தில் ஓர் உண்மை மட்டும் இருக்கிறது: வேகமான வி.டி. உள்ள சிலருக்கு நாடியும் இருக்கும், கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதனால்தான் அசைவற்று, இயல்பான மூச்சின்றிக் கிடப்பவருக்கு மட்டுமே பட்டைகளை ஒட்டச் சொல்கிறார்கள். நெஞ்சுவலியோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு மாரடைப்பே இருந்தாலும் அவருக்கு ஷாக் தேவையில்லை, மருத்துவமனைதான் தேவை. கருவி குழம்பும் இடம் வேறு. அது படிக்கும்போது யாராவது உடலைத் தொட்டாலோ, வாகனம் குலுங்கினாலோ பதிவு கலங்கும். ஓடும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படிக்கவிடுவது நல்லது.

ஷாக் வைத்ததும் நாடி பார்க்க வேண்டும் என்ற நான்காவது வாதம் ஒரு காலத்தில் பாடநூலிலேயே இருந்தது. அடுத்தடுத்து மூன்று ஷாக், இடையிடையே பரிசோதனை என்பதுதான் பழைய முறை. கருவி திரும்பத் திரும்பப் படித்து முடிப்பதற்குள், முதல் ஷாக்குக்கும் அடுத்த நெஞ்சழுத்தத்துக்கும் இடையில் 37 விநாடி வரை வீணாவது அளந்து காட்டப்பட்டது. 2005இல் முறை மாறியது: ஒரே ஷாக், உடனே இரண்டு நிமிட நெஞ்சழுத்தம், அதன் பிறகே பரிசோதனை. ஷாக் வெற்றி பெற்றாலும் இதயம் முதல் ஒரு நிமிடம் திகைத்துத்தான் கிடக்கும். மின் ஒழுங்கு திரும்பியிருக்கும், இரத்தத்தைத் தள்ளும் வலு திரும்பியிருக்காது. அந்த நிமிடத்தில் நாடியைத் தேடுபவர் பெரும்பாலும் எதையும் காணமாட்டார். அவர் தேடும் நேரத்தில் இதயத் தசைக்குப் போகும் கொஞ்ச இரத்தமும் நின்றுவிடுகிறது.

அழுத்தும்போது தெரியும் நாடி எதைக் காட்டுகிறது என்பதற்கு இந்தத் துறையின் பிறப்பிலேயே விடை இருக்கிறது. மின்கம்பி வேலையாட்கள் கரன்ட் அடித்து இறப்பது ஏன் என்று ஆராய்ந்த வில்லியம் கௌவென்ஹோவன், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மின் பொறியாளர். அவரோடு பணிபுரிந்த கை நிக்கர்பாக்கர், கனமான மின்தகடுகளை நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தும்போதே, மின்சாரம் பாயும் முன்பே, இரத்த அழுத்தம் உயர்வதைக் கவனித்தார். அந்த நாயின் இதயம் ஓடவில்லை. அலையைக் கிளப்பியது கையின் அழுத்தம். 1960இல் ஜேம்ஸ் ஜூடையும் சேர்த்து மூவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே இன்றைய நெஞ்சழுத்த முறை பரவியது. மின்கம்பி வேலையாட்களை நினைத்துத் தொடங்கிய ஆராய்ச்சி இது என்பதை ஓசூர்ப் பக்கம் நினைவுகூர நியாயம் உண்டு. இன்றும் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே கரன்ட் அடித்தவரைத் தொட வேண்டும். தொட்டவுடன் தேட வேண்டியது நாடியை அல்ல. நெஞ்சழுத்தத்தின்போது தொடை மடிப்பில் தட்டுவது தமனியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கீழ்ப்பெருஞ்சிரையில் வால்வு கிடையாது. அழுத்த அலை பின்னோக்கி இறங்கி, தொடைச் சிரையே நாடிபோலத் துடிக்கும்.

மானிட்டரில் கோடு துடிக்கிறது, ஆகவே உயிர் இருக்கிறது என்பது ஐந்தாவது. திரைப்படங்கள் இதைத் தலைகீழாகவும் கற்றுக்கொடுத்துவிட்டன: கோடு நேரானதும் ஷாக், உடனே கதாநாயகன் கண் திறப்பு. நேர்கோட்டில் ஒழுங்குபடுத்த எந்த மின் குழப்பமும் இல்லை, ஷாக்குக்கு அங்கே வேலை இல்லை; நெஞ்சழுத்தமும் அட்ரினலினும்தான் வழி. திரையில் அழகான அலைகள் ஓடியும் இரத்தம் ஓடாத நிலையும் உண்டு. கடும் இரத்தப்போக்கு, நுரையீரல் தமனியில் அடைப்பு, நெஞ்சுக்கூட்டில் காற்றுச் சேர்ந்து அமுக்குவது போன்றவற்றில் மின் ஓட்டம் தொடரும், நாடி இருக்காது.

இந்த இடத்தில்தான் நாடிப் பரிசோதனைக்கு உண்மையான வேலை இருக்கிறது. மருத்துவக் குழு இரண்டு நிமிடச் சுற்று முடிந்து திரையைப் பார்க்கிறது. ஒழுங்கான அலை தெரிந்தால் மட்டும் கழுத்திலோ தொடையிலோ விரல் வைக்கிறது. நேரம் மிச்சம் பிடிக்க, அழுத்தம் நடக்கும்போதே இடத்தைத் தேடி விரலைத் தயாராக வைத்திருப்பதும், விநாடியை ஒருவர் உரக்க எண்ணுவதும் நல்ல குழுக்களின் வழக்கம். அங்கும் விரல் ஒரு சாட்சி மட்டுமே. மூச்சுக்குழாய் வழியாக வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு சட்டென உயர்ந்தால், இதயம் தானாக ஓடத் தொடங்கிவிட்டது என்பதை விரலுக்கு முன்பே அது காட்டிவிடும். அழுத்தத்தை நிறுத்தாமலே பார்க்கலாம். தமனியில் குழாய் போட்ட நோயாளிக்கு அழுத்த அலையே திரையில் தெரியும். அல்ட்ராசவுண்டில் இதயம் சுருங்குவதை நேரிலேயே காணலாம், பத்து விநாடியைத் தாண்டாமல் பார்த்தால்.

பட்டறையில் நிற்பவருக்கு இவை எதுவும் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், 500 பேருக்கு மேல் என்றால் ஆம்புலன்ஸ் அறையும் கேட்டது, ஏ.இ.டி. அந்தக் காலத்துப் பொருளல்ல. இப்போது வாங்கும் நிர்வாகம், அது பேசும் மொழி தன் தொழிலாளர்களுக்குப் புரியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். கருவி வரும்வரை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். நோயாளி கையை அசைத்தாலோ, கண் திறந்தாலோ, சீராக மூச்சுவிட்டாலோ அழுத்துவதை நிறுத்தலாம். இதயம் மீண்டதற்கு இந்த அடையாளங்கள் போதும். அப்போதும் பட்டைகளைப் பிரிக்கவோ கருவியை அணைக்கவோ கூடாது. மீண்ட இதயம் மறுபடி நடுங்கத் தொடங்குவது சாதாரணம். ஓசூர் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போனாலும் அவை நெஞ்சிலேயே இருக்க வேண்டும்.