பாசிட்டிவ் என்று முடியும் கதைகள்

போன மாதம் ஈப்போவில் ஒரு வாசகர் சந்திப்பு. புதிதாக எழுத வந்த தம்பி ஒருவர் தன் சிறுகதையை வாசித்தார். தோட்டத்துப் பையன், பட்டணத்துக்கு வேலைக்கு வருகிறான், ஊசி போடும் கூட்டத்தோடு சேர்கிறான். கடைசிப் பத்தியில் ஆஸ்பத்திரித் தாள். கடைசி வரி: பாசிட்டிவ். கூட்டம் உச்சுக் கொட்டியது. நான் கையைத் தூக்கி, "அந்த டெஸ்ட் எதை அளந்துச்சு?" என்று கேட்டேன். "டேய், கதை கேக்க வந்தியா, லேப் ரிப்போர்ட் பாக்க வந்தியா?" என்றார் பக்கத்திலிருந்த அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பொறியாளன் நான். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுக் கசிகிறதா என்று பார்ப்பது எங்கள் சோதனைகளில் ஒன்று. ஓட்டை உண்டா இல்லையா, அவ்வளவுதான் அந்தத் தண்ணீருக்குத் தெரியும். அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவன் ஒழுக்கமானவனா என்று தண்ணீரிடம் யாரும் கேட்பதில்லை. எச்.ஐ.வி. சோதனையிடம் மட்டும் நாம் கேட்கிறோம்.

எலைசா என்ற அந்தச் சோதனையில் வைரஸின் புரதத்தைச் சின்னக் குழிகளில் ஒட்டி வைத்திருப்பார்கள். நம் ரத்தநீரை அதில் விடுவார்கள். நம் உடல் அந்த வைரஸுக்கு எதிராக ஆன்டிபாடியைச் செய்திருந்தால் அது போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு நொதியைச் சேர்த்தால் நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியைக் கருவி எண்ணாகச் சொல்லும். எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்ற கோட்டை மனிதர்கள்தான் போட்டார்கள். இப்போதைய சோதனைகள் பல வைரஸின் ஒரு புரதத்தையும் சேர்த்தே தேடுகின்றன. ஆனால் அந்த நிறம் சொல்வது வைரஸை அல்ல, உடல் கொடுத்த பதிலை.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. தடுப்பூசி ஆய்வுக்குக் கை நீட்டும் ஆரோக்கியமான ஆளுக்கும் ஆன்டிபாடி வருகிறது. வரவேண்டும் என்றுதானே ஊசியே போடுகிறார்கள்! வைரஸ் துளியும் இல்லாமல் அவருடைய எலைசா பாசிட்டிவ் காட்டலாம். ஆய்வுக்கூடத்தில் அந்த நிறத்தைப் பார்த்து மகிழ்வார்கள். அதே நிறம் வேறொரு மேசையில் தீர்ப்பு. நம் நாட்டில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு ஃபோமீமா பரிசோதனையில் எச்.ஐ.வி. உறுதியானால் வேலைக்குத் தகுதியில்லை, பெட்டியைக் கட்டவேண்டியதுதான். சோதனை என்றாலே வாசலில் நிற்கும் காவலாளி என்று பழகிவிட்ட ஊரில், ஆய்வுக்கு யார் கை நீட்டுவார்கள்?

இந்தப் பழக்கம் தொடக்கத்திலேயே இருந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, மயிலாப்பூர் காவல் இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை இல்லை. பிரித்தெடுத்த ரத்தநீரை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு குழிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. நிர்மலாவின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. கேட்டால் மறுக்கமுடியாத இடத்தில் இருந்தவர்கள் அவர்கள். இருபது வருஷம் கழித்து 2006-ல், அதே சென்னையில், காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதல்கட்டச் சோதனைக்குத் தன்னார்வலர்கள் விவரம் கேட்டு, கையெழுத்துப் போட்டு வந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இருபது வருஷத் தூரம். இதை எழுத நம்மிடம் ஆளில்லை.

சரி, ஆன்டிபாடி நிறைய இருந்தால் பாதுகாப்பா? அதுவும் இல்லை. வாக்ஸ்ஜென் நிறுவனத்தின் ஊசி ஆன்டிபாடியைத் தாராளமாகக் கிளப்பியது, 2003-ல் தோற்றது. தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற சோதனை 2009-ல் 31.2 சதவீதம் பலன் காட்டியது. எந்த ஆன்டிபாடி உதவியது என்று தேடினார்கள். 2012-ல் வந்த விடை: வைரஸ் உறையின் ஒரு பகுதியைப் பிடிக்கும் ஒரு வகை அதிகமிருந்தவர்களுக்குத் தொற்று குறைவு, இன்னொரு வகை அதிகமிருந்தவர்களுக்கு அந்தப் பலன் குறைவு. அதை நம்பித் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய சோதனை 2020-ல் பலனின்றி நிறுத்தப்பட்டது.

அதனால் ஒட்டுகிறதா என்று மட்டும் பார்க்காமல், தடுக்கிறதா என்றும் அளக்கிறார்கள். எனக்குப் பிடித்த அளவீடு இதுதான். ஆய்வுக்கூடச் செல்களுக்குள் மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் நொதிக்கான மரபணுவை வைத்திருப்பார்கள். வைரஸ் உள்ளே நுழைந்தால் செல் ஒளிரும். ரத்தநீரைப் படிப்படியாக நீர்த்துச் சேர்த்துக்கொண்டே போவார்கள். எந்த அளவுக்கு நீர்த்தபோதும் வெளிச்சம் பாதியாகக் குறைகிறதோ, அதுதான் அந்த ரத்தத்தின் வலிமை. இருட்டுதான் வெற்றி. லயத்துக் கடைசியில் கால்வாயோரம் மின்மினி பிடித்துப் போத்தலில் அடைத்தவன் நான். இதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

"இலக்கியம் லேப் இல்ல தம்பி" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாளை நம்பிக் கதையை முடிக்கிறவர் தாளைப் படிக்கவாவது வேண்டாமா? படிக்காமல் எழுதினால் அது தோட்டத்துப் பெரிசுகள் சொன்னதையே மறுபடி சொல்வதாகிவிடும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் லயத்தில் ஒரு அண்ணன் இறந்தார். என்ன நோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தட்டும் குவளையும் தனி என்பதிலிருந்து எங்களுக்கே தெரிந்தது. தூக்கிப்போக வந்த நாலு பேரும் கையுறை போட்டிருந்தார்கள். எய்ட்ஸ் பயத்தில் 1987-க்குப் பிறகு உலக ஆஸ்பத்திரிகள் கையுறை கேட்டதால்தான் மலேசியாவில் இத்தனை கையுறைத் தொழிற்சாலைகள் முளைத்தன. அவருடைய அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். அந்தக் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சந்திப்பு முடிந்து தே தாரிக் குடிக்கும்போது அந்தக் கதைக்காரத் தம்பி என்னிடம் வந்தார்.

"அப்போ அவன் சாக மாட்டானாண்ணே?"

"மாத்திரைய ஒழுங்கா போட்டா கெழவனாகுற வரைக்கும் இருப்பான். ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொறஞ்சு அப்படியே இருந்துச்சுன்னா, கூடப் படுக்குறவங்களுக்கும் தொத்தாது. கல்யாணம் பண்ணலாம், புள்ள பெத்துக்கலாம்."

"பெறகு கதை எங்க முடியும்?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் முகம் சுளித்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இன்னொரு தே சொன்னார்.